அடியாத மாடும் புதிய தாதியும்

படிப்பை முடித்து வார்டுக்கு வரும் புதிய தாதி, கஷ்டப்பட்டால்தான் தேறுவார் என்ற நம்பிக்கை சிங்கப்பூரில் மட்டுமல்ல, வேறு பல நாடுகளிலும் வேரூன்றியது. ‘எங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?’ என்பது அதன் வழக்கமான கேள்வி. ‘அடியாத மாடு படியாது’ என்பது அதற்குத் துணை நிற்கும் பழமொழி. தேக்காவுக்கு அருகே, புக்கிட் தீமா சாலையில் உள்ள கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனையின் பெயரிலேயே மாடு உண்டு. கேகே என்பது கண்டாங் கெர்பாவ். மலாயில் எருமைத் தொழுவம். அந்த வட்டாரத்துத் தொழுவங்கள் மறைந்து வெகுகாலம் ஆகிவிட்டது. தொழுவத்துப் பழமொழிதான் இன்னும் தாதியர்மீது ஏவப்படுகிறது.

இந்த நம்பிக்கை முதலில் வரலாற்றிலேயே சறுக்குகிறது. 1956-இல் ஊட்ரமில், பொது மருத்துவமனையை ஒட்டித் தாதிமைப் பள்ளி தொடங்கியது. மாணவியர் விடுதியில் தங்கி, உதவித்தொகை பெற்று, படிக்கும்போதே வார்டில் வேலை பழகினார்கள். 1992-இல் பயிற்சி நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரிக்கு மாறியது. 2006-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பு வந்தது. பாடம் விரிந்தது, வார்டுப் பழக்கம் தவணை தவணையான செய்முறைப் பயிற்சியாயிற்று. ஆக, ஊட்ரமில் படித்த மூத்த தலைமுறை தானாகத் தேறியதல்ல. பட்டயம் கைக்கு வருமுன்பே வார்டு அவர்களுக்குப் பழகியிருந்தது.

அடுத்து, கற்றல் நடக்கும் விதத்தையே இந்த நம்பிக்கை தவறாகப் புரிந்துகொள்கிறது. காலை 7 மணி ஷிஃப்ட். ரிப்போர்ட் கேட்டு முடித்ததும் 8 மணி மருந்து. நோயாளி, மருந்து, அளவு, கொடுக்கும் வழி, நேரம் ஆகிய ஐந்தும் சரியா என்று ஒவ்வொரு கட்டிலிலும் பார்க்க வேண்டும். நடுவில் ஒரு பெரியவர் கழிவறைக்குப் போகக் கூப்பிடுகிறார். டிரிப் பம்ப் கத்துகிறது. உறவினர் தொலைபேசியில் காத்திருக்கிறார். மூலைக் கட்டில் பாட்டியின் மூச்சு நிமிடத்துக்கு 18-லிருந்து 26 ஆகியிருக்கிறது. அனுபவசாலிக்கு ஆபத்தை உணர அந்த 26 போதும். மற்றதை அப்படியே விட்டுவிட்டு ஓடுவார். புதியவருக்கு நான்கும் ஒரே அவசரமாகத் தெரியும்.

இது சோம்பலோ திறமைக்குறைவோ அல்ல. அமெரிக்கத் தாதிமை அறிஞர் பட்ரீஷியா பென்னர் 1984-இல் வெளியிட்ட நூலில் தாதியின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். புதுப் பட்டதாரி நிற்பது இரண்டாம் படியில். எது முக்கியம், எதைத் தள்ளிப்போடலாம் என்று பிரித்தறிந்து திட்டமிடும் மூன்றாம் படிக்கு, ஒரே வகை வேலையில் இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும் என்றார். திட்டு அந்தக் காலத்தைக் குறைக்காது. ‘இதுகூடத் தெரியாதா?’ என்று கேட்கப்பட்டவர் அடுத்த முறை கேட்காமல் இருக்கத்தான் கற்றுக்கொள்கிறார். அந்த மௌனத்தின் விலையைத் தருபவர் மூலைக் கட்டில் பாட்டி.

பணம் கொடுத்தால் தாதியர் நிலைப்பார்கள் என்பது அந்த நம்பிக்கையின் மறுபக்கம். 2024-இல் அறிவிக்கப்பட்ட ஏஞ்சல் திட்டம், பொதுத் துறைத் தாதியருக்கு 20 ஆண்டுகளில் 100,000 வெள்ளி வரை தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் தொகை சில ஆண்டுகளுக்கு ஒருமுறையே கைக்கு வரும். முதல் ஆண்டிலேயே விலகத் துடிப்பவருக்கு அது எட்டாத தூரம்.

ஆள் பற்றாக்குறையில் கைபிடித்து நடத்த நேரமேது என்பது நியாயமான கேள்வி. ஆனால் புதியவர் விலகினால் பற்றாக்குறை கூடுமே தவிரக் குறையாது. மருத்துவப் பட்டதாரி ஓராண்டு தற்காலிகப் பதிவில், மூத்தவர் மேற்பார்வையில்தான் வேலை செய்கிறார். அதை யாரும் செல்லம் கொடுப்பதாகச் சொல்வதில்லை.

தாதிக்கு வேண்டியதும் அதுவே. ‘பிரிசெப்டர்’ எனப்படும் வழிகாட்டித் தாதி அவரோடு ஒரே ஷிஃப்டில் இருக்க வேண்டும். வழிகாட்டியின் கட்டில்களைக் குறைக்காமல் பொறுப்பை மட்டும் கூட்டினால், அது காகிதத்தில்தான் இருக்கும். புதியவருக்கான கட்டில்களும் படிப்படியாகவே கூட வேண்டும். ஷிஃப்ட் முடிவில் பத்து நிமிடம் உட்கார்ந்து, 26 என்ற எண்ணைப் பார்த்ததும் என்ன செய்திருக்க வேண்டும் என்று பேச வேண்டும். பாடம் அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது, அடியில் இல்லை.