மேலே முத்திரை, கீழே பியோனி

பூவும் பறவையும் பெண்களின் கைக்கு இயல்பாக வருபவை என்று யாராவது எழுதினால் எனக்கு எரிச்சல் வரும். சீன அரசவையில் இந்த ஓவிய வகையை வளர்த்தவர்கள் யார்? 10ஆம் நூற்றாண்டில் ஹுவாங் சுவான் என்ற அரசவை ஓவியர் பறவைகள், பூச்சிகள், ஆமைகளை ஒரே பட்டில் வரைந்து, பார்த்துப் பழகும்படி மகனுக்குக் கொடுத்தார். அந்தப் பட்டு இன்றும் பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. தொழில் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹுயிசோங் பேரரசர் தானே தூரிகை பிடித்தார்; அரசவை ஓவியர்களுக்குத் தேர்வும் வைத்தார். ஆண் வரைந்தால் அது இயற்கையை உற்றுநோக்கிய மேதைமை. பெண் வரைந்தால் மென்மை. கிளி என்னவோ ஒரே கிளிதான்.

1660இல் பிறந்த சென் ஷூ ஆண்களுக்கும் ஓவியம் கற்றுக்கொடுத்தவர். அவர் 1721இல் வரைந்த வெள்ளைக் கொண்டைக்கிளி இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அவருடைய ஓவியங்கள் சியான்லோங் பேரரசரின் சேகரிப்புக்குள் எப்படிப் போயின? உயர் அதிகாரியாக இருந்த மகன் கொண்டுபோய்க் கொடுத்தார். பேரரசர் மகிழ்ந்து அவற்றின்மேல் கவிதையும் எழுதினார். நல்ல மகனை வளர்த்த நல்ல தாய் என்ற வாசல் வழியாகத்தான் அந்த ஓவியர் உள்ளே விடப்பட்டார். மகன் தேர்வில் தோற்றிருந்தால் அந்தத் தூரிகை என்னவாகியிருக்கும்?

இதோடு நிறுத்திக்கொண்டால் நமக்கு வசதிதான். ஆனால் பேரரசி சிக்ஸியைப் பெண் ஓவியர் பட்டியலில் சேர்த்துப் பெருமைப்படும் கட்டுரைகளையும் நான் வாசிக்கிறேன். என் சண்டை அவற்றோடும்தான்.

1861 முதல் 1908 வரை சீனாவின் அதிகாரம் பெரும்பாலும் சிக்ஸியின் கையில் இருந்தது. அவர் பெயரில் பியோனிப் பூக்களும் பிற மலர்களும் வரைந்த சுருள்கள் அதிகாரிகளுக்குப் பரிசாகப் போயின. மேலே நடுவில் பேரரசியின் பெரிய சிவப்பு முத்திரை. ஓரத்தில் அவரே வரைந்தது என்ற வாசகம். பக்கத்தில் அதிகாரி ஒருவரின் புகழ்மாலை. கீழே பியோனி. அந்தப் பியோனியை வரைந்தது பல வேளைகளில் வேறு பெண்கள்.

அவர்களில் முதன்மையானவர் யுன்னானைச் சேர்ந்த மியாவ் ஜியாஹுய். கணவனை இழந்தபின் ஓவியம் விற்றுப் பிழைத்தவர். 1880களின் இறுதிவாக்கில் அரண்மனைக்கு வரவழைக்கப்பட்டார். பேரரசிக்கு ஓவியம் கற்றுத்தருவது ஒரு வேலை. பேரரசியின் பெயரில் வரைவது இன்னொன்று. சம்பளம் உண்டு, மரியாதை உண்டு. ஓவியத்தின்மேல் பெயர் மட்டும் இல்லை.

சிக்ஸியும் வரைந்தார், மறுக்கவில்லை. ஹுயிசோங்கின் பெயரில் உள்ளவற்றிலும் பல அரசவை ஓவியர்கள் வரைந்தவையே என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அரசர்களுக்கு இது வழக்கம்தானே என்று கேட்பீர்கள். வழக்கம்தான். அந்த வழக்கத்தை ஒரு பெண் கைக்கொண்டால் அது விடுதலையாகிவிடுமா? வீட்டில் நம் உழைப்பு கணவன் பெயரில் போகும்போது கொதிக்கிறோம். விதவை ஒருத்தியின் உழைப்பு பேரரசியின் பெயரில் போனால் மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்?

மியாவ் தன் பெயரில் கையெழுத்திட்ட ஓவியங்களும் கிடைக்கின்றன. பேரரசியின் சுருள்களை அவற்றின் பக்கத்தில் தொங்கவிடுங்கள். இதழ் மடியும் இடத்தையும் தண்டு வளையும் இடத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கை ஒத்துப்போகிற இடத்தில், கண்காட்சிப் பலகையில் சிக்ஸி என்று இருப்பதை அடித்துவிட்டு மியாவ் ஜியாஹுய் என்று எழுதுங்கள். முத்திரை யாருடையது என்பதைக் கீழே சின்ன எழுத்தில் போட்டுக்கொள்ளலாம்.