சித்திரையில் மலைநாடு



பங்குனி போய்ச் சித்திரை வருகிற காலத்தைக் குளிர்நாட்டார் வசந்தம் என்று கொண்டாடுவார்கள். அங்கே பனி உருகும். மொட்டை மரம் துளிர்க்கும். நம் நாட்டில் உருகுவதற்குப் பனி இல்லை. பால்மரம் மட்டும் ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிர்த்து, பிறகு தளதளவென்று துளிர்த்து, நமக்கும் ஒரு வசந்தம் உண்டு என்று காட்டும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

மலேசியாவில் மார்ச் கடைசி முதல் மே வரை பருவமாற்றக் காலம். நவம்பரில் தொடங்கிய வடகிழக்குப் பருவக்காற்று அப்போது ஓய்ந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோதான் வரும். இரண்டுக்கும் நடுவே காற்றுக்கு ஒரு திசை இல்லை. இந்த இரண்டு மாதங்களில் கேமரன் மலையின் வானிலை எப்படி இருக்கும், அங்கே பயிர் செய்கிறவர்களுக்கு அதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

"கடலோரத்துச் சுங்கை செம்பிலாங்கில் செம்பனைக்கு நடுவே இருக்கிற நமக்கு மலை வானிலை எதற்கு?" என்று கேட்கலாம். நம் வீட்டுக் குழம்பில் கிடக்கும் முட்டைக்கோசும் தக்காளியும் பெரும்பாலும் அந்த மலையிலிருந்து லாரியில் இறங்கியவைதாம். அங்கே நான்கு நாள் அடைமழை பெய்தால் இங்கே இரவுச் சந்தையில் விலை ஏறிவிடுகிறது. தேயிலைத் தோட்டங்களில் சொந்தபந்தம் உள்ள குடும்பங்களும் நம்மிடையே உண்டு. வேறொரு காரணமும் இருக்கிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் குளிரைப் பற்றி ஒரு கணக்கு. நூறு மீட்டர் உயரம் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 டிகிரி செல்சியஸ் குறையும். தானா ராத்தா ஏறக்குறைய 1,440 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆகவே நம் ஊரைவிட அங்கே எட்டு, ஒன்பது டிகிரி குறைவு. மலேசிய வானிலைத் துறையின் பதிவில் உள்ள மிகக் குறைந்த வெப்பநிலையும் கேமரன் மலையில் கண்டதுதான்: 1978 பிப்ரவரி 1ஆம் நாள் 7.8 டிகிரி.

பருவமாற்றக் காலத்தில் மலையின் ஒரு நாள் இப்படிப் போகும். காலையில் பனிமூட்டம் விலகி நல்ல வெயில் அடிக்கும். ஏப்ரல் தொடக்கத்தில் சூரியன் கேமரன் மலைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. சரிவுகள் சூடேறும், சூடான காற்று மலைச்சரிவைப் பிடித்து மேலே ஏறும், ஏறிய காற்று குளிர்ந்து மேகமாகும். அந்த மேகத்தைத் தள்ளிக்கொண்டு போகப் பலமான காற்று இல்லாததால், அது நின்ற இடத்திலேயே கொட்டித் தீர்க்கிறது. பகல் பன்னிரண்டுக்கு மேல் வானம் கறுக்கும், இரண்டு, மூன்று மணிக்கு இடி இடிக்கும், மாலையில் ஓயும். மழை பெய்யும் நேரம் குறைவு, வேகம் அதிகம். விதையை முளைக்க வைப்பதும் இதே மழைதான். மண்ணை அரித்துக்கொண்டு போவதும் இதே மழைதான்.

தேயிலைக்கு இது நல்ல காலம். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மலையில் மழை குறைவு. செடி கொஞ்சம் சுணங்கும். மழை தொடங்கியதும் கொழுந்து விடும். போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. அந்த நாள் முதல் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு 'இரண்டு இலை, ஒரு கொழுந்து' என்று கிள்ளிச் சரிவுகளைப் பச்சைக் கம்பளமாக்கியவர்கள் நம் தமிழ்த் தாய்மார்கள். இப்போது கத்தரிக்கோலும் இயந்திரமும் வந்துவிட்டன. வேலை செய்வோரில் பெரும்பாலோர் வெளிநாட்டார். ஆனாலும் மழைக்குப் பின் கொழுந்து விடும் முறை மட்டும் மாறவில்லை.

காய்கறிக்கோ இது கண்டத்தில் தப்ப வேண்டிய காலம். தொடர்ந்து நனைந்தால் முட்டைக்கோஸ் அழுகும். தக்காளி இலையில் கருகல் நோய் பரவும். அதனால் விவசாயிகள் பிளாஸ்டிக் கூரை போட்டு அதன் கீழ்ப் பயிர் செய்கிறார்கள். பயிர் தப்பித்துக்கொள்கிறது. ஆனால் முன்பு மண்ணில் ஊறிய மழை இப்போது கூரையில் வழிந்து நேரே கால்வாய்க்கு ஓடுகிறது. காட்டில் பெய்த மழையை இலையும் சருகும் வேரும் தாங்கிக்கொள்ளும். தேயிலையும் சரிவை நன்றாக மூடிக்கொள்ளும் செடி. கொத்திப் போட்ட காய்கறிப் பாத்திக்கும், வெட்டிவிட்ட செம்மண் சரிவுக்கும் அப்படி ஒரு போர்வை கிடையாது. ஒரே அளவு மழைதான். ஓரிடத்தில் ஊற்றாகிறது, ஓரிடத்தில் சேறாகிறது. மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று கேட்பதோடு நின்றுவிடக் கூடாது. அது எந்த மண்ணில் விழுகிறது என்றும் கேட்க வேண்டும்.

அந்தச் சேறு எங்கே போகிறது? பெர்த்தாம் ஆற்றில் இறங்கி ரிங்லெட் ஏரியில் சேர்கிறது. 1963இல் மின்சாரத்துக்காகக் கட்டிய சுல்தான் அபு பக்கார் அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரி அது. மேலிருந்து வந்த மண் ஆண்டாண்டாகப் படிந்து நீருக்கு இருந்த இடத்தைக் குறைத்துவிட்டது. தூர் வாரி மாளவில்லை. 2013 அக்டோபர் மாதம், இதுபோன்ற மற்றொரு பருவமாற்றக் காலத்தில், கனமழையால் ஏரி நிரம்பியது. அணையைக் காக்க நள்ளிரவுக்குப் பின் நீரைத் திறந்துவிட்டார்கள். கீழே பெர்த்தாம் பள்ளத்தாக்கில் உறங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது, உயிர்களும் போயின. ஆற்றோரத்தில் அவர்கள் குடியிருந்ததும், ஆறு குறுகியிருந்ததும், ஏரி தூர்ந்திருந்ததும் சேர்ந்துதான் அந்த இரவு அப்படி விடிந்தது. மழையை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இப்போது நான் பின்னால் சொல்வதாகச் சொன்ன காரணத்துக்கு வருகிறேன். மலைமண் நம்மையும் தேடி வரும். நம் சிலாங்கூர் ஆறு கோலகுபு பாருவுக்கு மேலே உள்ள மலைகளில் பிறந்து, கோல சிலாங்கூரில் கடலைத் தொடுகிறது. அந்தக் கோலகுபுவின் பெயரில் 'பாரு', அதாவது புதிது, என்ற சொல் எப்படி வந்தது? ஈயச் சுரங்கங்களிலிருந்து அடித்து வந்த மண் ஆற்றுப் படுகையை மேடாக்கியது; வெள்ளம் மீண்டும் மீண்டும் ஊருக்குள் வந்தது; கடைசியில் 1930ஆம் ஆண்டு வாக்கில் நகரத்தையே மேட்டுக்கு மாற்ற வேண்டியதாயிற்று. மலையில் பறித்த மண் ஓர் ஊரையே இடம் பெயர்த்த கதை, நம் ஆற்றங்கரையிலேயே நடந்திருக்கிறது.

"மழை விட்டும் தூவானம் விடவில்லை" என்பது பழமொழி. மழை விட்டாலும் மலை விடாது என்று நான் சேர்த்துச் சொல்வேன். 1961 மே மாதம் ரிங்லெட்டில் மலை சரிந்து உயிர்கள் போயின. 2022 டிசம்பர் 16 அதிகாலை, நம் மாநிலத்துப் பத்தாங் காலி அருகே, ஓர் இயற்கை வேளாண் பண்ணையில் கூடாரம் போட்டுத் தூங்கியவர்கள் மீது மண் சரிந்து 31 பேர் மாண்டார்கள். முந்தைய நாட்களின் மழை நிலத்துக்குள் ஊறிக் கிடந்தால், வானம் வெளுத்திருக்கும் வேளையிலும் சரிவு நகரும்.

ஆகவே, சித்திரை, வைகாசி மாதங்களில் மனத்தில் வைக்க வேண்டியவை:

மலைக்குப் பிள்ளைகளுடன் போகிறவர்கள் காலையிலேயே ஏறுங்கள். பிற்பகல் மழையில் தாப்பா சாலையில் வளைந்து வளைந்து ஏற வேண்டாம். ஆற்றோரத்திலும், புதிதாக வெட்டிய சரிவின் அடியிலும் கூடாரம் போடாதீர்கள், வண்டியையும் நிறுத்தாதீர்கள்.

அங்கே உறவினர் இருந்தால் இதைச் சொல்லி வையுங்கள்: வீட்டுக்குப் பின்னால் நிலத்தில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், தெளிவாக ஓடிய ஊற்று திடீரெனக் கலங்குதல், கதவு நிலையில் இறுகுதல் ஆகியவை மண் நகர்வதற்கான அடையாளங்கள். இவற்றைக் கண்டால் சாமான்களைப் பார்க்காமல் ஆட்களை வெளியேற்ற வேண்டும்.

சமவெளியில் உள்ள நமக்கும் பிற்பகல் இடி உண்டு. செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அலுமினியக் கம்பை, இடி கேட்டவுடன் கீழே போட்டுவிட்டுக் கட்டடத்துக்குள்ளோ வண்டிக்குள்ளோ போய்விட வேண்டும். மரத்தடி வேண்டாம்.

எல் நினோ ஆண்டுகளில் இந்தக் கணக்கு மாறும். மழை தள்ளிப்போய் வெயில் வாட்டும். சூப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது 1998 ஏப்ரலில். 2016 ஏப்ரலில் வெப்பத்தால் பெர்லிஸில் பள்ளிகளையே மூடினார்கள். அத்தகைய ஆண்டில் மலை ஓடைகள் வற்றிப் பாத்திக்குத் தண்ணீர் தட்டுப்படும். எனவே வழக்கத்தை மட்டும் நம்பாமல் வானிலைத் துறையின் அறிவிப்பையும் பாருங்கள். தொடர்மழை எச்சரிக்கையில் மஞ்சள் என்றால் விழிப்பு, ஆரஞ்சு என்றால் மோசம், சிவப்பு என்றால் ஆபத்து. கைப்பேசியில் இதைப் பார்க்கத் தெரியாத தாத்தா, பாட்டிக்குப் பள்ளிப் பிள்ளைகள் நாள்தோறும் படித்துச் சொல்லலாம். அதுவும் ஒரு வீட்டுப்பாடம்தான்.

அடுத்த முறை முட்டைக்கோஸ் விலையைக் கேட்டுத் தாய்மார்கள் முகம் சுளிக்கும்போது, மலையில் அன்றைக்கு எந்த நிற எச்சரிக்கை என்பதையும் பாருங்கள். அதைப் பயிர் செய்தவர்கள் அந்த மண்ணின் மேல்தான் தூங்குகிறார்கள்.