மிதிவண்டிக் கணக்கிற்கும் கட்டணமா?

பல்லடத்திலிருந்து தாய் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். கணவர் விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கிறார். மூத்த மகன் கோவையில் கல்லூரியில் பயில்கிறான். விடுமுறையில் வேலை செய்து சேர்த்த பணத்தில் கியர் வைத்த மிதிவண்டி ஒன்றை வாங்கி, விடியற்காலையில் நண்பர்களுடன் இருபது முப்பது கிலோமீட்டர் ஓட்டி வருகிறான். சென்ற வழியையும் வேகத்தையும் கைப்பேசியில் 'ஸ்ட்ராவா' என்னும் செயலி பதிந்து வைக்கிறது. இதுவரை இலவசமாய்ப் பயன்படுத்தியவன், இப்போது ஆண்டுச் சந்தா கட்டவேண்டும் என்கிறான். கெட்ட வழக்கம் ஏதுமில்லாத பிள்ளை. மறுத்தால் மனம் வாடுவான். கொடுத்தால் தங்கையின் புத்தகச் செலவில் கை வைக்கவேண்டும். இது பணம் கொடுக்கத் தகுந்த பொருள்தானா என்பது அச்சகோதரியின் கேள்வி.

சிறிய கேள்வி என்று இதை ஒதுக்கிவிட முடியாது. பாட்டுக்கு ஒன்று, படத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று என மாதந்தோறும் கசியும் சந்தாக்கள் இன்று நம் இல்லங்களில் பெருகிவிட்டன. அரிசிக்கும் பருப்புக்கும் பேரம் பேசுகிற குடும்பத்தலைவியின் கண்ணுக்கு இவை தென்படுவதே இல்லை. எனவே அந்தச் செயலி எதை இலவசமாய்த் தருகிறது, எதற்குக் காசு கேட்கிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

மார்க் கெய்னி, மைக்கேல் ஹொர்வாத் என்னும் இருவர் 2009ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தொடங்கிய நிறுவனம் அது. பெயர் ஸ்வீடன் நாட்டு மொழியினின்று எடுத்தது. 'முயல்' என்று பொருள்படும். நம் இருப்பிடத்தை அது தானாக அறிவதில்லை. வானில் சுற்றும் செயற்கைக்கோள்கள் அனுப்பும் குறிப்புகளைக் கைப்பேசி வாங்கி, இன்ன இடத்தில் இன்ன நேரத்தில் நிற்கிறோம் எனக் கணித்துச் சொல்கிறது. ஜி.பி.எஸ். எனப்படும் அமெரிக்க அமைப்பின் முதல் செயற்கைக்கோள் 1978இல் ஏவப்பட்டது; 1995இல் அவ்வமைப்பு முழுமை பெற்றது. பொதுமக்களுக்கு வரும் குறிப்பில் வேண்டுமென்றே கலந்திருந்த பிழையை 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க அரசு நீக்கியது. நம் நாடும் 2013 முதல் தனக்கென இத்தகைய செயற்கைக்கோள்களை அனுப்பியுள்ளது. இக்குறிப்புகளுக்கு எவரும் நம்மிடம் காசு கேட்பதில்லை. ஆகவே எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு நேரம், எந்த வழி என்னும் மூன்றையும் சந்தா இன்றியே அந்தச் செயலி பதிந்து தருகிறது. சந்தாவை நிறுத்தினாலும் பழைய பதிவுகள் போய்விடுவதில்லை.

ஓடிய தொலைவை எண்ணிப் பார்க்கும் ஆசையும் புதியதன்று. கர்ட்டிஸ் வீடர் என்னும் அமெரிக்கர், சக்கரக் கம்பியில் பொருத்திய சிறு முளை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பல்லைத் தள்ள, மைல் கணக்கு ஏறிக்கொண்டே போகும் கருவியை 1895ஆம் ஆண்டிலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம் ஊர்களில் மணிக் கணக்கில் சைக்கிள் வாடகைக்கு விட்ட கடைகளை மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எடுத்த நேரம், விட்ட நேரம், பெயர், வண்டி எண் அனைத்தும் கடைக்காரரின் நீண்ட நோட்டில் இருக்கும். ஐந்து நிமிடம் தாமதித்தால் அரை மணி வாடகை. அந்த நோட்டை ஏமாற்ற எந்தச் செயற்கைக்கோளும் துணை வராது!

அப்படியாயின் சந்தா எதற்கு? செயலியில் சாலையின் ஒரு பகுதியைத் 'துண்டு' என்று குறித்து வைப்பார்கள். ஒரு மேட்டின் அடியிலிருந்து உச்சி வரை ஒரு துண்டு. ஒரு பாலத்திலிருந்து அடுத்த ஊர் எல்லை வரை இன்னொன்று. அதைக் கடந்த எல்லோருடைய நேரமும் வரிசையாகப் பட்டியலிடப்படும். 2020ஆம் ஆண்டு மே மாதம் வரை இப்பட்டியல் முழுவதையும் எவரும் பார்க்கலாம். அதன்பின் முதற் பத்துப் பெயர்கள் மட்டுமே இலவசம். முழுப் பட்டியலும், புதிய வழி வகுக்கும் வசதியும் சந்தா கட்டியவர்க்கே என்றாயிற்று. பயிற்சியின் கடுமையை வாரவாரம் ஒப்பிட்டுக் காட்டும் வரைபடங்களும் அவர்களுக்குத்தான். அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணம் 2023இல் 79.99 டாலர் ஆனது. நம் நாட்டில் தொகை வேறு, அவ்வப்போது மாறுவது, கட்டும் நாளில் திரையில் காண்பதே கணக்கு. ஆக, அளப்பது இலவசம். பிறரோடும் நம்மோடும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கே பணம்.

பல்லடத்துப் பிள்ளைக்கு அந்த ஒப்பீடு எவ்வளவு உண்மை சொல்லும்? இங்கேதான் நம் ஊர்க் காற்று குறுக்கே வருகிறது. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் வாயைத் திறந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவத்தில், வைகாசிக் கடைசியிலிருந்து ஆவணி வரை, அவ்வழியே நுழையும் காற்று பல்லடம், பொங்கலூர், உடுமலை வட்டாரத்தை உலுக்கி எடுக்கும். கேத்தனூர்ப் பக்கம் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். அக்காலத்தில் பல்லடத்திலிருந்து சூலூர் வழியாகக் கோவைக்கு மேற்கு நோக்கி மிதிப்பவன் முகத்தில் காற்றை வாங்கிக்கொண்டே போகவேண்டும். திரும்பும்போது அதே காற்று முதுகைத் தள்ளும்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிள்ளைகளைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். கோவைக்கு 36 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போகும்போது மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம். 3 மணி நேரம் ஆகும். வரும்போது மணிக்கு 24. ஒன்றரை மணி நேரம் ஆகும். மொத்தம் 72 கிலோமீட்டர், நாலரை மணி நேரம். சராசரி வேகம் 16. பன்னிரண்டையும் இருபத்துநான்கையும் கூட்டிப் பாதியாக்கி 18 என்பான் அவசரக்காரன். எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுவதும் திருப்பித் தருவதே இல்லை. ஏனெனில் எதிர்க்காற்றில்தான் நாம் அதிக நேரம் இருக்கிறோம். மேலும், காற்று தரும் தடை வேகத்தின் வர்க்கமாக உயர்வது. இருபது கிலோமீட்டர் வேகத்தில் போகிறவன்மீது இருபது கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால் தடை இருமடங்கு அன்று, நான்கு மடங்கு. ஆடியில் எடுத்த நேரத்தையும் தையில் எடுத்த நேரத்தையும் அடுத்தடுத்து வைத்து, 'நீ முன்னேறிவிட்டாய்' என்றோ 'பின்தங்கிவிட்டாய்' என்றோ வரைபடம் காட்டினால், பாதி புகழ் காற்றுக்கு உரியது. பட்டியலின் உச்சியில் இருப்பவன் எந்த நாளில் ஓட்டினான் என்பதைப் பார்த்துவிட்டு மலைப்பதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்.

காற்றை விட்டாலும் சாலை இருக்கிறது. கோவை–திருச்சி நெடுஞ்சாலையில் விடியற்காலையில் செல்லும் லாரிகளையும், கோழி ஏற்றிய வண்டிகளையும், நேரத்தைப் பிடிக்கப் பறக்கும் பேருந்துகளையும் நாம் அறிவோம். அத்தகைய சாலையில் இரண்டு விநாடியைக் குறைப்பதற்காகத் தலையைக் குனிந்து மிதிப்பது விளையாட்டன்று. 2010ஆம் ஆண்டில் கலிஃபோர்னியாவில் பெர்க்லி நகர் அருகே, தன் பெயரைப் பட்டியலின் உச்சிக்கு மீட்க எண்ணி இறக்கத்தில் விரைந்தவர் ஒருவர் காருடன் மோதி உயிரிழந்தார். 2012இல் குடும்பத்தார் அந்நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். 2013இல் அது தள்ளுபடியாயிற்று. மிதிவண்டி ஓட்டுவதில் உள்ள ஆபத்தை ஓட்டுபவரே ஏற்கிறார் என்பது நீதிமன்றத்தின் நிலை. சட்டப்படி அது சரியாகவே இருக்கலாம். ஆனால் தாய் தந்தையர் அறியவேண்டியது, பொறுப்பு முழுவதும் தம் பிள்ளையின் தலைமீதே வந்து நிற்கும் என்பதைத்தான்.

ஒப்பிடும் ஆசையே தவறு என்று நாம் சொல்லவரவில்லை. தன்னோடு தான் போட்டியிடுவதில் ஓர் இன்பம் உண்டு. அதற்கு நோட்டும் பென்சிலும் போதும். ஆர்தர் எடிங்டன் என்னும் ஆங்கில வானியல் அறிஞரை, நம் சுப்ரமணியன் சந்திரசேகருடன் 1935இல் லண்டனில் மோதியவர் என்றே பலர் அறிவர். விண்மீன்களின் முடிவு பற்றிய சந்திரசேகரின் கணக்கை அவர் சபை நடுவே எள்ளி நகையாடினார். சந்திரசேகர் கணக்கே சரியென உலகம் பின்னர் ஒப்பியது. 1983இல் நோபல் பரிசும் வந்தது. ஆயினும் அவ்விருவர் நட்பு முறியவில்லை. எடிங்டன் பெரிய மிதிவண்டிப் பிரியர். தமக்கென ஓர் எண் வைத்திருந்தார். ஐம்பது வெவ்வேறு நாள்களில், ஒவ்வொரு நாளும் ஐம்பது மைலுக்குக் குறையாமல் ஓட்டியிருந்தால் அவ்வெண் ஐம்பது. அமெரிக்காவுக்குச் சென்றுவிட்ட சந்திரசேகருக்கு 1938இல் எழுதிய கடிதத்தில், எண் இன்னும் 75இலேயே நிற்கிறதென்றும், உயிர்ப்புப் பெருவிழாக் காலத்தில் இருமுறை 74¾ மைல் ஓட்டியும் அவை கணக்கில் சேரவில்லையென்றும் குறைபட்டுக்கொண்டார். கால் மைலைக் கூட்டி எழுதிக்கொள்ள அவரைத் தடுத்தவர் எவருமில்லை, அவர் எழுதிக்கொள்ளவில்லை. 1944இல் அவர் மறைந்தபோது எண் 84.

இந்த எண்ணை நம் பிள்ளைகளும் கிலோமீட்டரில் கணக்கிடலாம். தொடக்கத்தில் கிடுகிடுவென்று ஏறும். பின்னர் பிடிவாதம் பிடிக்கும். முப்பதிலிருந்து முப்பத்தொன்றுக்குப் போகவேண்டுமானால், சரியாக முப்பது கிலோமீட்டர் ஓட்டிய நாள்கள் எல்லாம் உதவாமல் போய்விடும். வேகத்தைக் கேட்காமல் விடாமுயற்சியை மட்டும் கேட்கும் கணக்கு இது. நெடுஞ்சாலையில் எவரையும் முந்தவேண்டியதில்லை.

கட்டணத்தைவிட மேலான ஒரு செய்தி, பதிவு யார் கண்ணில் படுகிறது என்பது. அந்நிறுவனம் தன் பயனாளிகள் சென்ற வழிகளையெல்லாம் ஒளிக்கோடுகளாகத் தீட்டி 2017இல் உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதைப் பார்த்து, பாலைவனங்களின் நடுவே இராணுவ முகாம்களின் சுற்றுப்பாதைகள் ஒளிர்வதைச் சுட்டிக்காட்டினார். உடற்பயிற்சிக்கு ஓடிய வீரர்களின் தடங்கள் அவை. 2024 அக்டோபரில் பிரான்சின் 'லெ மோந்த்' நாளேடு, நாட்டுத் தலைவர்களின் மெய்க்காவலர்கள் இட்ட பதிவுகளிலிருந்தே தலைவர்கள் தங்குமிடங்களை அறியமுடிந்தது என்று எழுதியது. சூலூரில் விமானப்படைத் தளம் இருப்பதால் நம் வட்டாரத்தார் இதைச் சிறிது கூடுதலாகவே எண்ணிப் பார்க்கலாம். சாதாரணக் குடும்பத்துக்கும் இது பொருந்தும்: நாள்தோறும் ஒரே வாசலில் தொடங்கி அதே வாசலில் முடியும் கோடு, வீடு எது, வீட்டில் பிள்ளை இல்லாத நேரம் எது என்பதை ஊருக்குச் சொல்லும். பெண் பிள்ளைகள் ஓட்டுவதாயின் சொல்லவே வேண்டாம். தொடக்கத்தையும் முடிவையும் மறைத்துக்கொள்ளவும், பதிவைத் தெரிந்தவர்க்கு மட்டும் காட்டவும் செயலியிலேயே வழி உண்டு, அதற்குக் காசில்லை. அதை முதலில் செய்யச் சொல்லுங்கள்.

தடமே இல்லாதிருந்தால்தான் உயிர் காக்கும் என்னும் காலமும் ஒன்றிருந்தது. ஜினோ பார்த்தலி இத்தாலியின் பெரும் மிதிவண்டி வீரர்; 1938இலும் 1948இலும் பிரான்சைச் சுற்றும் பெரும்போட்டியில் வென்றவர்; ஆழ்ந்த கத்தோலிக்கர். 1943–44இல் நாட்சிகளின் ஆட்சியில், யூதர்களைக் காப்பாற்றப் போலி அடையாளச் சீட்டுகளை மிதிவண்டிக் குழாயினுள் மறைத்து, பயிற்சிக்குப் போகிறவர்போல ஓட்டிச் சென்றார். வாழ்நாளில் அதைப் பற்றி அதிகம் பேசவுமில்லை. எருசலேமிலுள்ள யாட் வாஷெம் நிறுவனம் 2013இல், அவர் மறைந்து 13 ஆண்டுகளுக்குப் பின், அவரைச் சிறப்பித்தது. வட இத்தாலியின் கிசால்லோ குன்றிலுள்ள மாதாவை 1949இல் பன்னிரண்டாம் பத்திநாதர் மிதிவண்டியோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். அச்சிற்றாலயத்தில் பார்த்தலியின் மிதிவண்டியும் இருக்கிறது.

இனி அச்சகோதரியின் கேள்விக்கு வருவோம். மகன் பந்தயத்துக்குத் தயாராகிறான், அல்லது 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்கவேண்டிய நெடும்பயணங்களில் கலந்துகொள்கிறான், அறியாத சாலைகளில் வழி வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது என்றால், சந்தா வீண் என்று சொல்லமாட்டோம். அப்போதும் ஓராண்டு முழுதும் கட்டாமல், தயாராகும் சில மாதங்களுக்கு மட்டும் கட்டிப் பார்க்கலாம். அவன் இப்போது செய்வதுபோல் காலையில் முப்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டுக் கல்லூரிக்குப் போகிறான் என்றால் இலவசப் பதிவே மிகுதி. உலக சுகாதார நிறுவனம் 2020இல் வகுத்த நெறிப்படி, வளர்ந்தவர்க்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பு வேண்டும். உடம்பு கேட்பது நிமிடங்களை. சுவர்க் கடிகாரமே அதை எண்ணிவிடும். சர்க்கரை நோய்க்காக மிதிக்கச் சொல்லப்பட்ட தந்தையருக்கும் இது பொருந்தும். பிள்ளை எங்கே போய்க்கொண்டிருக்கிறான் என்று அறியவேண்டிய தாய்க்கு, வாட்ஸ்அப்பில் 8 மணி நேரம் வரை இருப்பிடத்தை இலவசமாய்க் காட்டும் வசதி உண்டு.

தலைக்கவசமும் பின்புறச் சிவப்பு விளக்கும் அந்த வண்டிக்கு இருக்கின்றனவா என்று அவர் எழுதவில்லை. இல்லையெனில் முதற்பணம் அவற்றுக்கே. அடுத்து, பிரேக் கட்டைகளும் டயரும். ஆண்டுக்கு ஒருமுறை ஓவராயில்.

முப்பது நாள் இலவசம் என்னும் அழைப்பில் மகன் ஏற்கெனவே பெயர் கொடுத்திருக்கிறானா என்பதையும் கேட்டறிய வேண்டும். நாள் முடிந்ததும் பணம் தானாகவே எடுக்கப்படும். இவ்வாறு தொடர்ந்து எடுக்கப்படும் தொகைகளுக்கு, குறைந்தது 24 மணி நேரம் முன்பே செய்தி அனுப்பவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கணக்கு தந்தையின் பெயரிலும் கைப்பேசி மகனின் கையிலும் இருக்கும் வீடுகளில், அச்செய்தி யாருடைய எண்ணுக்கு வருகிறது என்று இன்றே பார்த்துவிடுவது நல்லது.