பொன்னேரியில் இறங்குவதா, கவரைப்பேட்டையில் இறங்குவதா?

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரிக்கு அடுத்த நிலையம் கவரைப்பேட்டை. பொன்னேரியில் உலகநாத நாராயணசாமி அரசுக் கல்லூரி, கவரைப்பேட்டையில் ஆர்.எம்.கே. பொறியியல் கல்லூரி. பிளஸ் டூ முடிவு வந்ததும் நம் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு எழும்: "கட்-ஆஃப் வரலைன்னா மேத்ஸ்ல சேர்த்துடலாம்." கணிதப் பட்டப்படிப்பை மிச்சம் மீதியாகப் பார்க்கும் இந்தப் பேச்சைக் கொஞ்சம் நிதானமாக அலசிப் பார்ப்போம்.

சிப்காட்டில் இரவு ஷிப்ட் முடித்து, மகளோடு இ-சேவை மையத்துக்கு வந்திருந்தார் ஒரு தந்தை. மகளின் மதிப்பெண்கள்: கணிதம் 92, இயற்பியல் 80, வேதியியல் 84, கணினி அறிவியல் 90. பொறியியல் கலந்தாய்வில் கணிதம் அப்படியே 100-க்குச் சேரும். இயற்பியலும் வேதியியலும் பாதியாகும். 92, 40, 42 கூட்டினால் 200-க்கு 174. இருவர் ஒரே கட்-ஆஃபில் நின்றால் முதலில் பார்ப்பதும் கணித மதிப்பெண்ணைத்தான். அரசுக் கலைக் கல்லூரியிலோ மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களையும் சமமாகக் கூட்டுவார்கள்: 400-க்கு 346. ஆக, கணித மதிப்பெண்ணுக்குக் கூடுதல் எடை கொடுப்பது பொறியியல் சேர்க்கைதான்.

தகுதி வேறு, கட்-ஆஃப் வேறு. பொறியியலுக்கு விண்ணப்பிக்க கணிதம், இயற்பியல், வேதியியல் மூன்றிலும் சராசரியாகப் பொதுப்பிரிவினருக்கு 45 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் போதும். எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு என்பதைத் தரவரிசை முடிவு செய்யும். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத இடம் தனியாக உண்டு.

மாநிலக் கலந்தாய்வுக்கு 2007 முதல் நுழைவுத்தேர்வு இல்லை. ஐ.ஐ.டி.யில் பி.டெக். சேர ஜே.இ.இ. மெயினும் அட்வான்ஸ்டும் எழுத வேண்டும். கணிதத்திலும் அப்படியொரு கடினமான வாசல் இருக்கிறது: சிறுசேரியில் உள்ள சென்னை கணிதவியல் கழகம் தானே நுழைவுத்தேர்வு நடத்துகிறது.

உள்ளே போனபின் படிப்பு எப்படி? கும்மிடிப்பூண்டி உருக்காலையில் சிவக்கக் காய்ந்த இரும்புக்கட்டி ஆறுவதை ஒரு வகைக்கெழுச் சமன்பாடு சொல்லிவிடும். பொறியியல் மாணவர் அதைத் தீர்த்து, எத்தனை நிமிடத்தில் ஆறும் என்று கணிப்பார். கணித மாணவரோ அதற்குத் தீர்வு உண்டா, உண்டென்றால் ஒன்றுதானா என்று கேட்டு நிரூபிப்பார். பள்ளியில் நூற்றுக்கு நூறு வாங்கியவர்களும் பி.எஸ்சி. முதல் ஆண்டில் திணறுவது இங்கேதான். விடை மட்டும் போதாது, நிரூபணம் வேண்டும்.

பொறியியல் நான்கு ஆண்டு, பி.எஸ்சி. மூன்று ஆண்டு. பிளஸ் டூவில் கணிதம் படித்து, பி.எஸ்சி.யும் முடித்தவர் நேரடியாகப் பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர விண்ணப்பிக்கலாம். ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. போகலாம். பொன்னேரியில் இறங்கியவருக்கும் ரயில் உண்டு.

"எதும்மா பெரிய படிப்பு?" என்று அந்தத் தந்தை மகளிடம் கேட்டார். இரண்டுக்கும் விண்ணப்பம் தனித்தனி. ஒன்று மற்றொன்றைத் தடுக்காது. இரண்டையும் போட்டு வையுங்கள். விடை வந்ததும் அடுத்த கணக்குக்குத் தாவுகிறாளா, ஏன் வந்தது என்று அங்கேயே நிற்கிறாளா? அதை அவளுடைய கணக்கு வாத்தியாரிடம் கேளுங்கள். 174-ம் 346-ம் சொல்லாததை அவர் சொல்லுவார்.