மலிவு விலையில் ஒரு துப்பாக்கி

கணியம்பாடியிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். பெயர், விலாசம் எல்லாம் தெளிவாக எழுதியிருக்கிறார். அவருடைய நன்மையைக் கருதி இரண்டையும் நான் விழுங்கிவிட்டேன். கேள்வி இதுதான்: 'மான் வேட்டைக்குத் தோதான, விலை குறைந்த, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற ரைஃபிள் எது? அமெரிக்காவில் சல்லிசாகக் கிடைக்கிறதாமே, நம்ம ஊரில் எப்படி?'

எந்த கிரைண்டர் நல்லது, எந்த இன்வெர்ட்டர் வாங்கலாம் என்று கேட்டு எழுதுவார்கள். ஏதோ சொல்லிச் சமாளித்திருக்கிறேன். துப்பாக்கி இதுதான் முதல் தடவை. கிழித்துப் போட்டிருக்கலாம். ஆனால், கணியம்பாடி என்கிற பெயர் கையைப் பிடித்து நிறுத்தியது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோட்டில் இருக்கிற ஊர். அங்கேதான் அமிர்திக்கு ரோடு பிரிகிறது. அமிர்தி, ஜவ்வாது மலையின் அடிவாரம். ஆக, கேட்கிறவருக்கு மான் எங்கே இருக்கிறது என்று நன்றாகத் தெரியும். துப்பாக்கி ஒன்றுதான் பாக்கி. அதனால்தான் பயமாக இருக்கிறது.

அமெரிக்கச் சமாசாரத்தை முதலில் முடித்துவிடலாம். அங்கே பல மாநிலங்களில் மான் வேட்டைக்கு, நம் குற்றாலம் மாதிரி, சீஸன் உண்டு. வில்லுக்கு ஒரு சீஸன், சாதாரண ரைஃபிளுக்கு ஒரு சீஸன், இந்த வாய்க்கெட்டித் துப்பாக்கிக்கென்றே தனியாக ஒரு சீஸன். லைசென்ஸ் வாங்கி, ஆளுக்கு இத்தனை மான் என்று கணக்கு வைத்துச் சுடுகிறார்கள். 1985-ல் டோனி நைட் என்கிற துப்பாக்கி மெக்கானிக், எம்.கே. 85 என்று ஒன்றைச் செய்தார். பழைய தாத்தா துப்பாக்கிதான். ஆனால், மருந்தைப் பற்றவைக்கிற கேப்பைப் பக்கவாட்டில் வைக்காமல், குழலுக்கு நேர் பின்னால் வைத்துவிட்டார். பொறி நேராக மருந்தில் போய் விழுகிறது. அந்த வழியில் ஸி.வி.ஏ., ட்ரெடிஷன்ஸ் போன்ற கம்பெனிகள் ஆரம்பக்காரர்களுக்கென்று சில நூறு டாலரில் விற்கின்றன. அரை அங்குலக் குழல். இன்னொரு வேடிக்கை: அவர்களுடைய 1968-ம் வருடத் துப்பாக்கிச் சட்டம், இந்த ரகத்தைப் பொதுவாகத் 'துப்பாக்கி'க் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

நூறு குண்டு தொடர்ந்து சுடுகிற யந்திரம் கடையில் இருக்கும்போது, வெள்ளைக்காரன் எதற்கு இதைத் தேடிப் போகிறான்? ஒரே ஒரு குண்டுதான் இருக்கிறது என்பதற்காகவே போகிறான். தப்பினால் மறுபடி மருந்து போட்டு, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, கேப் வைப்பதற்குள் மான் அடுத்த ஜில்லாவுக்குப் போய்விடும். அந்தக் கஷ்டம் அவனுக்கு விளையாட்டு. நம் மலையில் அதே கஷ்டத்தை ஒருத்தன் படுகிறான் என்றால், அவனிடம் வேறு துப்பாக்கி வாங்கக் காசில்லை என்று அர்த்தம்.

வாசகர் 'ரைஃபிள்' என்று எழுதியிருக்கிறார். குழலுக்குள்ளே திருகாணி மாதிரி வரி வெட்டியிருந்தால்தான் அது ரைஃபிள். வரியில் சிக்கிச் சுழன்றுகொண்டு குண்டு வெளியே வரும். பம்பரம் சாயாமல் நிற்பது போல, போகிற திசை மாறாது. நம் பக்கத்து நாட்டுத் துப்பாக்கியில் வரியும் கிடையாது, சுருளும் கிடையாது. வழவழ குழல். போலீஸ் ரெக்கார்டில் இதற்கு எஸ்.பி.எம்.எல். என்று பெயர், ஒற்றைக் குழல், வாய்க்கெட்டி. வேலூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சரித்திரமும் சொல்லிவிடுகிறேன். 1806 ஜூலை 10-ம் தேதி கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, அவர்கள் கையில் இருந்ததும் வாயில் கெட்டிக்கிற வழவழ குழல்தான். 1857 வருவதற்குள் வரி வெட்டிய என்ஃபீல்டு வந்துவிட்டது. அதுவும் வாய்க்கெட்டிதான். அதன் தோட்டாவில் தடவிய கொழுப்பு என்ன பாடு படுத்தியது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் இருக்கிறது.

சரி, நம்ம ஊரில் எப்படி?

1959-ம் வருட ஆயுதச் சட்டத்தில், பதின்மூன்றாவது பிரிவில், இந்த வாய்க்கெட்டித் துப்பாக்கி பெயர் சொல்லியே இடம் பிடித்திருக்கிறது. நிஜமாகவே பயிரைக் காப்பாற்றத்தான் என்றால், இதற்கு லைசென்ஸ் கொடுக்கலாம் என்கிறது சட்டம். அது போதாது என்று அதிகாரிக்குத் தோன்றினால், வேறு வழவழ குழல் துப்பாக்கிக்குக் கொடுக்கலாம் என்று ஒரு சலுகை வேறு. சட்டம் எழுதினவர், கம்பங்கொல்லையில் ராத்திரி காவல் இருந்தவராக இருக்க வேண்டும். காகிதத்தில் சுலபம்தான். கலெக்டர் ஆபீஸுக்கு மனு, போலீஸ் விசாரணை, 2016-ம் வருட விதிகளின்படி டாக்டர் சர்ட்டிபிகேட், துப்பாக்கிப் பயிற்சி என்று வரிசையாகப் போகும்.

வாங்கியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் மானைச் சுட முடியாது. 1972-ல் வந்த வனவிலங்குச் சட்டத்தில், புள்ளிமானைக்கூட லைசென்ஸ் வாங்கிச் சுட வழி இருந்தது. 1991-ல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இது மானுக்குத் தெரியாது. பாதிப் பேருக்கும் தெரியாது. 'குடகில் லைசென்ஸே வேண்டாமாமே' என்று அடுத்த கடிதம் வரும் என்பதால் இப்போதே சொல்கிறேன்: குடகர்களுக்குத் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம் என்கிற விலக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது, 2019-ல் அதைப் பத்து வருஷத்துக்கு நீட்டினார்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளத்தான் விலக்கு, மானைச் சுட இல்லை. 1998-ல் நடந்த கருப்பு மான் வேட்டைக்காக ஜோத்பூர் கோர்ட் 2018-ல் சல்மான் கானுக்கு ஐந்து வருஷம் போட்டது. இரண்டு நாளில் ஜாமீன் கிடைத்தது. நமக்கு அவருடைய வக்கீல் கிடைக்கமாட்டார்.

அப்புறம், லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி. 2019 திருத்தத்துக்குப் பிறகு, வெறுமனே வீட்டுப் பரணில் வைத்திருந்தாலே குறைந்தது இரண்டு வருஷம், மேலே ஐந்து வருஷம். செய்து கொடுத்த கொல்லருக்குக் குறைந்தது ஏழு. மான் கேஸ் தனி. அதன் கறியை வாங்கிக் குழம்பு வைத்தவனும் அதில் உண்டு.

சட்டத்தை விடுங்கள். அந்தத் துப்பாக்கியைப் பார்ப்போம். மலிவு என்றால் எதில் மலிவு? இரும்பில். கம்பெனித் துப்பாக்கி என்றால், அதிகப்படியான மருந்தைப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்குகிறதா என்று சோதித்த பிறகுதான் முத்திரை குத்துவார்கள். நாட்டுத் துப்பாக்கியில் அந்தச் சோதனையை நடத்துவது, காசு கொடுத்து வாங்கினவனின் கன்னம். குழல் எதுவாக இருந்ததோ, எந்தப் பழைய இரும்புக் கடையில் கிடந்ததோ, யாருக்குத் தெரியும்? ஜிம் கார்பெட்டுக்குச் சிறுவனாக இருந்தபோது கிடைத்த முதல் துப்பாக்கியே, ஒரு குழல் பிளந்துபோன, பித்தளைக் கம்பி சுற்றிக் கட்டிய வாய்க்கெட்டிதான். அவர் பிழைத்துப் புத்தகம் எழுதினார். பிழைக்காதவர்கள் எழுதவில்லை.

மருந்து இன்னொரு தலைவலி. ஈரம் பட்டால் பற்றாது. பற்றாமல் போனால்கூடப் பரவாயில்லை, சில சமயம் தாமதமாகப் பற்றும். 'இன்னாடா ஆச்சு' என்று முகத்தைக் கிட்டே கொண்டுபோகிற நேரம் பார்த்து வெடிக்கும். குண்டும் ஒன்றாக இருக்காது. ஈயத் துண்டு, பால்ரஸ் என்று கைக்குக் கிடைத்தது. வழவழ குழலிலிருந்து அது விசிறி மாதிரி விரியும். ராத்திரியில் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு, சருகு சலசலத்தால் சுடுவது. சுட்டதும் எதிரே வெள்ளைப் புகை. பட்டது எதன் மேல் என்று புகை கலைந்தால்தான் தெரியும். கூட வந்தவனையே மான் என்று நினைத்துச் சுட்டான் என்று பேப்பரில் வருகிற செய்தி பாதிக்கு மேல் இப்படித்தான் நடக்கிறது.

இதெல்லாம் புத்தகம் படித்துச் சொல்கிறானே என்று நினைப்பீர்கள். போன மாதம் வேலூரில் ஒரு கல்யாணம். முடிந்ததும் கணியம்பாடி வரைக்கும் போய் வந்தேன், இந்தக் கடிதத்துக்காகவே. அமிர்தி ரோட்டு முனையில் ஒரு டீக்கடை. மலையிலிருந்து புளி கொண்டுவந்து இறக்கிவிட்டு, ஒரு பெரியவர் பஸ்ஸுக்குக் காத்திருந்தார். சாமை விலை, தேன் விலை எல்லாம் பேசி, மெதுவாகத் துப்பாக்கிக்கு வந்தேன்.

"இன்னாத்துக்கு சார் கேக்கற? நீ டிபார்ட்மென்ட்டா?"

"இல்லைங்க பெரியவரே, பத்திரிகை."

"அது அத்தவிட மோசமாச்சே" என்றார். ஆனாலும் பேசினார்.

அவருடைய அப்பா காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்ததாம். பன்றிக்குத்தான். சாமையும் வேர்க்கடலையும் விளைகிற நேரத்தில், ஒரு ராத்திரியில் ஒரு வருஷச் சாப்பாட்டைப் பன்றி உழுதுவிட்டுப் போய்விடும். மான் எப்போதாவது. "மான்கறி துன்னத கத கதையா சொல்லுவானுங்க சார். ஜாமீன் எடுக்க நெலத்த வித்தவன் ஒருத்தனாச்சும் வாயத் தொறக்கறானா பாரு."

பன்றி விஷயத்தில் அரசாங்கம் 2025-ல் ஒரு முடிவெடுத்தது. காட்டின் எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். சுடவேண்டியது வனத்துறை ஆட்கள், நாம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் அதுவும் கிடையாது. இதைப் பெரியவரிடம் சொன்னேன்.

"என் கொல்ல காட்டுக்குள்ளதான் கீது. மூணு கிலோமீட்டர் எங்க போறது?" என்றார்.

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அவரை மாதிரி ஆட்களுக்காகத்தான் சட்டத்தில் அந்தப் பதின்மூன்றாவது பிரிவு இருக்கிறது. லைசென்ஸ் வாங்க அவருடைய அப்பா போகவில்லை, அவரும் போகவில்லை. கணியம்பாடி வாசகருக்கு, கொல்லையும் பன்றியும்தான் நிஜமான பிரச்னை என்றால், அந்த மனுவை எழுதிக்கொடுக்க நான் தயார். பயிர் போனதற்கு நஷ்டஈடு கேட்டு வனத்துறைக்கு எழுதவேண்டுமென்றாலும் சரி. மான்தான் வேண்டுமென்றால், அமிர்தியில் வனத்துறையின் விலங்குக் காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு புள்ளிமானை ஆற அமரப் பார்க்கலாம்.

"உங்க துப்பாக்கி என்ன ஆச்சு?" என்று கேட்டேன் பெரியவரை.

ஒப்படைத்தால் கேஸ் கிடையாது என்று போலீஸ்காரர்கள் மலைக் கிராமங்களில் அவ்வப்போது அறிவிப்பார்கள். அப்படி ஒரு தடவை சொன்னபோது, ராத்திரியோடு ராத்திரியாக, ஊர்க் கோயில் மரத்தடியில் சாத்திவைத்துவிட்டு வந்துவிட்டாராம். இவர் மட்டுமில்லை, இன்னும் நாலைந்து பேர். காலையில் ஜீப் வந்து எல்லாவற்றையும் கட்டாகக் கட்டி எடுத்துப் போயிருக்கிறது.

"நிம்மதி" என்றேன்.

"எங்க சார் நிம்மதி? என்துல மருந்து கெட்டிச்சி வச்சிருந்தேன். அப்டியே வச்சிட்டேன். ஓடிப் போயி சொல்லலாம்னு பார்த்தா, யார்துன்னு கேப்பான். ஜீப்பு மலை எறங்கற வரைக்கும் சத்தம் வருதான்னு காத வச்சிகினு ஒக்காந்திருந்தேன்."

"வந்ததா?"

"வர்ல" என்றார். பஸ் வந்துவிட்டது.