‘நீங்க’ என்று கூப்பிடக் கற்றுக்கொடுங்கள்

விடியற்காலையில் நடக்கப் போகிறவர்களுக்குத் தெரியும், பெரியகுளத்தில் கொஞ்சம் காலியிடம் இருந்தால் அங்கே பையன்கள் ஓடிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்கு 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும். பெண்பிள்ளைகளும் வருகிறார்கள். பாராட்ட வேண்டிய உழைப்பு. தேர்வானவர்களுக்குப் பயிற்சிப் பள்ளியில் கவாத்து, துப்பாக்கி, சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சட்டம் பிறகு அவர்கள் வாயிலிருந்து எந்தத் தமிழில் வெளியே வருகிறது என்பதுதான் என் கவலை.

எங்கள் தெருவில் 74 வயதுப் பெரியவர் ஒருவர். ஒரு மோட்டார் சைக்கிள் விபத்தைக் கண்ணால் பார்த்தவர். சில நாள் கழித்து ஒரு ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. “ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போ.” அவ்வளவுதான். எதற்கு என்று சொல்லவில்லை. போனவர் 4 மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சர்க்கரை வியாதிக்காரர், மாத்திரை வீட்டில். அவர் சம்சாரம் வாசலுக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டிருந்தார். எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம், எங்கும் நடப்பதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆம் பிரிவுப்படி, சாட்சியை விசாரணைக்கு வரச்சொல்ல எழுத்து மூலமான உத்தரவு வேண்டும். அதிலும் 60 வயதைத் தாண்டிய ஆண்கள், 15 வயதுக்குட்பட்ட ஆண்பிள்ளைகள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறெங்கும் வரச்சொல்லக் கூடாது. தாமாக விரும்பினால் போகலாம். பழைய சட்டத்தில் இது 160-ஆம் பிரிவு, வயது 65 என்று இருந்தது. இப்போது 60 ஆக்கியிருக்கிறார்கள். நம் வயதுக்காரர்கள் இதை டைரியில் குறித்துக்கொள்ளலாம்.

போன் செய்த அந்தக் காவலர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. இந்தப் பிரிவைப் பரீட்சைக்குப் படித்து மார்க்கும் வாங்கியிருப்பார். ஆனால் அதை மனிதரிடம் பேசும் வாக்கியமாக மாற்ற அவரை யாரும் பழக்கவில்லை. “ஐயா, நான் இன்ன ஸ்டேஷனிலிருந்து பேசுறேன், என் பேர் இது. உங்க மேல ஒண்ணும் இல்லை, அன்னைக்கு நீங்க பார்த்ததைக் கேக்கணும். எப்ப வீட்டுக்கு வரலாம்?” அரை நிமிடம் ஆகுமா? இதை நூறு தடவை சொல்லிப் பழக வைத்தால் 179 தானே மனதில் நிற்கும்.

யோசித்துப் பார்த்தால், போலீஸ் சட்டத்தில் பாதி பேசுகிற விஷயம்தான். வாய்மொழிப் புகாரை எழுதியபின் புகார் கொடுத்தவருக்குப் படித்துக்காட்ட வேண்டும், முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகத் தர வேண்டும். இது 173-ஆம் பிரிவு. கைது செய்தால் காரணத்தைச் சொல்ல வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் டி.கே. பாசு வழக்கில் 11 கட்டளைகள் போட்டதே, அந்த வழக்கு 1986-இல் தலைமை நீதிபதிக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்தில் தொடங்கியது. குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் ஒரு தனி மகிழ்ச்சி.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே முதல் வருடமே ‘த்யூ’ என்றால் நீ, ‘வூ’ என்றால் நீங்கள், யாரிடம் எது என்று அடித்துச் சொல்லிக்கொடுப்பார்கள். 2014 ஜனவரி 1 முதல் பிரான்சில் காவலர்களுக்கான நடத்தை விதியிலேயே, பொதுமக்களை ‘வூ’ என்றுதான் அழைக்க வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டார்கள். எல்லாரும் அதைக் கடைப்பிடிக்கிறார்களா என்பது வேறு. மீறினால் சுட்டிக்காட்ட ஒரு வரி இருக்கிறது.

அவ்வளவு தூரம் ஏன்? குமுளி மலை ஏறி இறங்கினால் கேரளம். 2021 செப்டம்பரில் அந்த மாநில உயர் நீதிமன்றம் ‘எடா’, ‘எடி’, ‘நீ’ என்று மக்களைப் போலீசார் அழைக்கக் கூடாது என்றது. டி.ஜி.பி.யும் சுற்றறிக்கை விட்டார்.

“மரியாதை கொடுத்தா திருடன் பயப்படுவானா?” என்று டீக்கடையில் கேட்கிறார்கள். ஸ்டேஷன் படியேறுகிறவர்களில் திருடன் எத்தனை பேர்? நகை தொலைத்தவர், வரப்புத் தகராறுக்காரர், மகனைக் காணாமல் தேடுகிற தாய், இவர்கள்தான் அதிகம். ஒருமையில் தொடங்குவது எங்கே போய் முடியும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்துத் தந்தையும் மகனும் காவலில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தபின், விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட்டிடமே ஒரு காவலர் இழிவாகப் பேசினார். மாஜிஸ்திரேட் அதை அறிக்கையாக அனுப்ப, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை நீதிமன்ற அவமதிப்பாக எடுத்துக்கொண்டது. நீதிபதிக்கே அந்த மரியாதை என்றால், மாந்தோப்புக் கூலிக்கு?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சி மைதானத்தில் அந்தப் பையனையே ‘வாடா, போடா’ என்று விரட்டினால், அவன் அதைத்தான் சட்டம் என்று எடுத்துக்கொண்டு ஊருக்கு வருவான். முதலில் வாத்தியார்கள் மாற வேண்டும்.

இப்போது இதற்கு அவசரமும் வந்துவிட்டது. ‘டிஜிட்டல் அரெஸ்ட்’ என்று சொல்லி, சி.பி.ஐ. பேசுகிறோம், அறையை விட்டு நகராதே, பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்று என்று வீடியோ காலில் மிரட்டுகிறார்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை. பென்ஷன்காரர்கள் பலர் சேமிப்பை இழந்திருக்கிறார்கள். படித்தவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள் என்று சிரிக்கிறோம். நிஜப் போலீசும் காரணம் சொல்லாமல், காகிதம் அனுப்பாமல், அதே அதட்டலில் போன் செய்தால், எது நிஜம், எது போலி என்று வயதானவர் எப்படிப் பிரித்தறிவார்? நிஜப் போலீஸ் எப்போதும் பெயர் சொல்லி, காரணம் சொல்லி, எழுத்து மூலம் அழைப்பதை வழக்கமாக்கட்டும். மோசடிக்காரனின் குரல் அப்போது தனியாகத் தெரியும்.

அதுவரை, போன் வந்தால் “எழுத்துல அனுப்புங்க, நான் வீட்லதான் இருக்கேன்” என்று சொல்லிவிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள். எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.