வண்ணம் இரண்டல்ல

திருவண்ணாமலையில் ராஜகோபுரம் கடந்ததும் கம்பத்திளையனார் சந்நிதி. அருணகிரிநாதர் வேண்ட, முருகன் தூணில் காட்சி தந்ததாக மரபு சொல்லும் இடம். 15ஆம் நூற்றாண்டின் அந்தப் பாவலர் பாடிய திருப்புகழைப் பற்றி ஒரு கருத்து வேரூன்றியிருக்கிறது: "இலக்கணத்தில் வரும் வண்ணம் வேறு, திருப்புகழ் வண்ணம் வேறு, பின்னது வெறும் தாளக்கணக்கு." இது தவறு. இதற்குச் சொல்லப்படும் நான்கு வாதங்களைப் பார்ப்போம்.

1. "இலக்கண வண்ணத்துக்கும் ஓசைக்கும் உறவில்லை."
தொல்காப்பியச் செய்யுளியல் 20 வண்ணங்களைக் கூறுகிறது. வல்லெழுத்து மிகுந்தால் வல்லிசை வண்ணம், மெல்லெழுத்து மிகுந்தால் மெல்லிசை வண்ணம். குற்றெழுத்து பயின்றால் குறுஞ்சீர், நெட்டெழுத்து பயின்றால் நெடுஞ்சீர். ஓசையை வைத்துத்தானே இந்தப் பாகுபாடு?

2. "தத்த, தந்த என்பவை தாளச் சொற்கட்டு."
சந்த வாய்பாட்டில் 'பட்டு' என்பது தத்த. 'பந்து' என்பது தந்த. இரண்டுக்கும் பிடிக்கும் காலம் ஒன்றே. தாளம் மட்டுமே கணக்கென்றால் ஒன்றின் இடத்தில் மற்றொன்றைத் தாராளமாக வைக்கலாம். வண்ணப்பாவில் வைக்க முடியாது. வல்லொற்று வரவேண்டிய இடத்தில் மெல்லொற்று வந்தால் சந்தம் கெட்டது. எழுத்தின் இனம் பார்ப்பது தாளமல்ல, இலக்கணம். 19ஆம் நூற்றாண்டில் வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகள் 'வண்ணத்தியல்பு' என்று தனி இலக்கணமே இயற்றியது இதனால்தான்.

3. "இலக்கணத்தில் ஒற்றுக்கு அரை மாத்திரை, பாட்டில் அது நீள்கிறது. இரண்டும் எப்படி ஒன்றாகும்?"
அளவு மாறுவது உண்மை. ஆனால் தொல்காப்பியரே நூன்மரபின் இறுதியில், உயிர் தன் அளவைக் கடப்பதும் ஒற்று நீள்வதும் இசைநூலுக்கு உரியவை என்று இடம் விட்டிருக்கிறார். இலக்கணம் அறிந்தே திறந்து வைத்த வாசலைப் பகைக்குச் சான்றாக்கலாமா?

4. "மெட்டுதான் வண்ணத்தைத் தருகிறது."
அருணகிரியார் பாடிய மெட்டுகள் நமக்கு வந்து சேரவில்லை. வ.த. சுப்பிரமணிய பிள்ளை ஊர் ஊராக ஏடு தேடிப் பதிப்பித்தது பாடல்களைத்தான். இன்று ஒரே திருப்புகழை ஒருவர் ஒரு ராகத்திலும் இன்னொருவர் வேறொரு ராகத்திலும் பாடுகிறார்கள், சந்தம் குலைவதில்லை. அது எழுத்திலேயே இருக்கிறது.

ஆகவே பாடுகிறவர்கள் வல்லொற்றை மழுங்கடிக்காமல் பாட வேண்டும். தமிழாசிரியர்கள் செய்யுளியலை வாய்விட்டுப் பாடிக் கற்பிக்க வேண்டும். இரு தரப்பும் காப்பது ஒரே சொத்து.